சிறு கணிப்பொறியின் வாயில்கள்



திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து வடக்கு நோக்கி வருவோர், திருவரங்கத்துக் கோபுரம் கண்ணுக்கு மறைந்த சிறிது நேரத்தில் அவிந்த நெல்லின் மணத்தை உணரத் தொடங்குவர். அதுவே எங்கள் மண்ணச்சநல்லூர். அரிசி ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். இவ்வூரில் வாழும் எனக்கு, கணிப்பொறியைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் நெல்லே முன்வந்து நிற்கிறது. அதில் தவறும் இல்லை. நெல்லின் மேலே உமி, உள்ளே அரிசி. கணிப்பொறியை ஆளும் மென்பொருளிலும் அறிஞர் இவ்வாறே இரு பகுதிகளைக் கண்டனர். நாம் கட்டளை தரும் புறப்பகுதிக்கு 'ஷெல்' என்றும், உள்ளிருந்து எல்லா உறுப்புகளையும் வேலை வாங்கும் பகுதிக்குக் 'கெர்னல்' என்றும் பெயரிட்டனர். ஷெல் என்றால் ஓடு, உமி. கெர்னல் என்றால் பருப்பு, மணி. அயல்நாட்டார் வைத்த பெயர்கள்தாம். எனினும் எங்கள் ஊர் ஆலைக்காரர் ஒருவர் வைத்தவை போலவே இருக்கின்றன.

கெர்னல் என்பது கடையில் வாங்கியபடியே பயன்படுத்தும் பொருள் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு தொடங்கிய லினக்ஸ் என்னும் கெர்னலை, வேண்டியவாறு குறைத்தும் கூட்டியும் சமைத்துக்கொள்ளலாம் என்பதை, என்னிடம் பத்தாம் வகுப்பில் கணிதம் பயின்ற மாணவன் ஒருவனே எனக்குக் கற்பித்தான். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்குப் பழைய மாணவன் பாடம் சொல்லும் இன்பத்தை, அதனை அடைந்தவரே அறிவர்.

அவன் எங்கள் ஊர் ஆலை ஒன்றிற்கு ஒரு சிறு கருவி செய்துகொண்டிருந்தான். அவித்த நெல் உலரும் இடத்தின் வெப்பத்தை அளந்து, ஆலை உரிமையாளரின் கைப்பேசிக்கு அறிவிப்பது அதன் தொழில். உள்ளங்கையில் அடங்கும் பலகையில் ஒரு முழுக் கணிப்பொறி இருந்தது. மேசைமேல் இராமல் இவ்வாறு வேறொரு பொருளுக்குள் ஒளிந்திருந்து ஒரே வேலையைச் செய்யும் கணிப்பொறியை உட்பொதி கணிப்பொறி என்பர். இந்நாளில் வீட்டு மோடத்திலும், வாயிற் காமிராவிலும், மோட்டார் வண்டியிலும் இவை உள்ளன. நம் நாட்டிலும் இத்தகைய சிறு பொறிக்கு லினக்ஸைப் பொருத்திய முயற்சி புதியதன்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் கூடி உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்னும் கைக்கணிப்பொறி 2004-இல் விற்பனைக்கு வந்தது. அதன் உள்ளிருந்ததும் லினக்ஸே. சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த சக்தி என்னும் செயலி 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது.

மாணவனின் பலகையில் நிலையான நினைவகம் 8 மெகாபைட். ஏறத்தாழ 80 லட்சம் எழுத்துகளை எழுதக்கூடிய இடம். கெர்னலுக்கு அவன் ஒதுக்க முடிந்ததோ 2 மெகாபைட்டே. தன் மேசைக் கணிப்பொறியில் 'மேக் மெனுகான்ஃபிக்' என்று கட்டளையிட்டான். திரை முழுவதும் கேள்விகள் விரிந்தன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு கட்டம். விண்மீன் குறி இட்டால் அப்பகுதி கெர்னலுடன் ஒன்றாகக் கலந்துவிடும். வெறுமனே விட்டால் அப்பகுதி இல்லை. சிலவற்றில் 'எம்' என்னும் எழுத்தையும் இடலாம். அப்போது அப்பகுதி தனி மாட்யூலாக, கிடங்கில் வைத்த உதிரிப் பாகம்போலக் கோப்புகளிடையே காத்திருந்து, தேவைப்படும்போது வந்து சேரும்.

'நெட்வொர்க்கிங் சப்போர்ட்' என்னும் வலைப்பின்னல் பகுதிக்குள் நுழைந்தால் அது தனியொரு நகரமாகவே இருந்தது. இணையத்தின் அடிப்படை விதிகள் ஒரு வரி. மோட்டார் வண்டியின் உறுப்புகள் தம்முள் பேசிக்கொள்ளும் 'கேன்' என்னும் முறை மற்றொரு வரி. புளூடூத், கம்பியில்லா வலை, இன்னும் எத்தனையோ. பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தும் அன்பர்களுக்கென்றும் அங்கே ஒரு பிரிவு இருக்கக் கண்டு, வானொலியில் பேசும் ஆசையுள்ள நான் மகிழ்ந்தேன். 'டெக்நெட்' என்னும் பழைய முறையைப் பயன்படுத்துவோர் அருகிப் போனதால் 2022-இல் அதனை லினக்ஸிலிருந்து நீக்கிவிட்டனர் என்றும் அவன் சொன்னான். ஊர்களைப் போலவே இந்நகரத்திலும் சில தெருக்கள் பாழாகின்றன.

இளைஞனல்லவா? எல்லாவற்றுக்கும் விண்மீன் இட்டான். "பின்னால் தேவைப்படலாம், ஐயா" என்றான். விளைந்த கெர்னல் ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. இணைய விதிகளாகிய டி.சி.பி., ஐ.பி. பகுதி மட்டுமே கெர்னலைச் சுமார் 400 கிலோபைட் பெருக்கும் என்று அவ்வரியின் குறிப்புரையே கூறுகிறது. இரண்டு மெகாபைட்டில் ஐந்திலொரு பங்கு அன்றோ அது! பெரிய நிறுவனங்களும் இந்நெருக்கடிக்குத் தப்பவில்லை. லின்க்சிஸ் நிறுவனத்தின் 'டபிள்யூ.ஆர்.டி.54ஜி' என்னும் புகழ்பெற்ற ரவுட்டரின் தொடக்க வடிவங்கள் 4 மெகாபைட் நினைவகத்துடன் லினக்ஸில் ஓடின. 2005-இல் வந்த ஐந்தாம் வடிவத்தில் நினைவகத்தை 2 மெகாபைட்டாகக் குறைத்தபோது, லினக்ஸையே கைவிட்டு, வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்னும் வேறொரு மென்பொருளுக்கு மாறினர்.

"அப்படியாயின் வேண்டாதவற்றை எல்லாம் நீக்கிவிடு" என்றேன் நான். தலைமையாசிரியனுக்கு ஆணையிடுவது எளிது. பெயர் புரியாத வரிகள் எல்லாம் எங்கள் கண்ணுக்கு வேண்டாதவையாகவே தோன்றின. 'பாக்கெட் சாக்கெட்' என்று ஒரு வரி இருந்தது, நீக்கினோம். கெர்னல் அழகாக அடங்கியது. பொறியும் எழுந்தது. ஆனால் வலைப்பின்னலில் அதற்கு முகவரி கிடைக்கவில்லை. முகவரி கேட்டு வாங்கும் டி.எச்.சி.பி. என்னும் சிறு நிரல், தனக்கே இன்னும் முகவரி இல்லாத நிலையில் கடிதம் எழுத வேண்டும். அதற்கு அது கையாளும் வழி அந்தப் பாக்கெட் சாக்கெட்டே. முகவரி இல்லாதவன் முகவரி கேட்டு எழுதும் முதல் கடிதத்தின் தாளையே நாங்கள் பறித்துவிட்டோம்! 'யூனிக்ஸ் சாக்கெட்' என்பதும் அத்தகையதே. பெயர் வலைப்பின்னல் பகுதியில் இருந்தாலும், ஒரே பொறிக்குள் உள்ள நிரல்கள் தம்முள் பேசிக்கொள்ளும் வழி அது. வெளியுலகத் தொடர்பே இல்லாத பொறிக்கும் அது பெரும்பாலும் வேண்டும். அறியாது சேர்ப்பதற்கும் அறியாது கழிப்பதற்கும் வேறுபாடு இல்லை என்பதை எனக்கு அன்று என் மாணவன் முன்னிலையிலேயே உணர நேர்ந்தது. சற்று நாணினேன் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து நேர்ந்தது என்னை இன்றும் சிரிக்க வைக்கிறது. சோதனைக் காலத்தில் ஒவ்வொரு முறையும் பலகையின் நினைவகத்தை அழித்து எழுதுவது தொல்லை. ஆகையால் பலகை தன் கோப்புகள் அனைத்தையும் மேசைக் கணிப்பொறியிலிருந்து கம்பி வழியே பெறுமாறு செய்தான். என்.எஃப்.எஸ். என்பது அம்முறையின் பெயர். ஆனால் இடத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தால், கம்பிவலையை இயக்கும் டிரைவருக்கு விண்மீன் இடாமல் 'எம்' இட்டிருந்தான். பொறி எழுந்தது, கோப்புகளைத் தேடியது, மூலக் கோப்பமைப்பை இணைக்க இயலவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. அவன் கம்பியை மாற்றினான், பலகையை மாற்றினான், இரவு முழுவதும் விழித்திருந்தான். காலையில் என்னிடம் வந்து சொன்னபோது நான் கேட்டது ஒன்றே: "தம்பி, அந்த மாட்யூல் எங்கே இருக்கிறது?" அது இருந்த இடம் மேசைக் கணிப்பொறி. அங்கே போக வேண்டுமாயின் கம்பிவலை வேண்டும். கம்பிவலை வேண்டுமாயின் அந்த மாட்யூல் வேண்டும். ஆலையைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்துவிட்ட கதை. டிரைவரையும், என்.எஃப்.எஸ். பகுதியையும், எழும்போதே கெர்னல் தானாக முகவரி பெறும் பகுதியையும் விண்மீனிட்டு உள்ளே கலந்த பிறகே பலகை உயிர் பெற்றது. கணிப்பொறி அறியாத என்னால் அவ்வினாவைக் கேட்க முடிந்ததற்குக் காரணம் அறிவன்று; முப்பது ஆண்டுகள் பள்ளிச் சாவிக் கொத்தைக் காத்த பழக்கமே.

இதுவரை சொன்னவை பொறியாளனின் தொல்லைகள். ஊராரைத் தொடும் செய்தி இனித்தான் வருகிறது.

கருவியை ஆலையில் வைத்த முதல் நாள் இரவே, அதன் பதிவேட்டில் முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து நூற்றுக்கணக்கான நுழைவு முயற்சிகள் பதிவாகியிருந்தன. இணையத்தை நேரே நோக்கி அதனை வைத்திருந்தான். சோதனைக்காகத் திறந்துவைத்த 'டெல்நெட்' என்னும் வாயிலை மூட மறந்திருந்தான். மண்ணச்சநல்லூர் நெல்லின் சூடு உலகில் யாருக்கு வேண்டும்? ஒருவருக்கும் வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது அந்தச் சிறு பொறியே. 2016-ஆம் ஆண்டு மிராய் என்னும் தீநிரல், காமிராக்களிலும் ரவுட்டர்களிலும் திறந்து கிடந்த டெல்நெட் வாயில் வழியே, ஆலையில் செய்தபோதே வைத்த கடவுச்சொற்கள் சுமார் 60-ஐ மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து, லட்சக்கணக்கான சிறு பொறிகளை அடிமை கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவை ஒரே நேரத்தில் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தை மோதவே, ட்விட்டர் முதலிய பெருந்தளங்கள் பலருக்கு எட்டாது போயின. நம் நாட்டிலும் 2017 ஜூலையில், கடவுச்சொல் மாற்றாத பி.எஸ்.என்.எல். மோடங்கள் பல்லாயிரம், கர்நாடகத்தில் மிகுதியாக, தீநிரல் புகுந்து முடங்கின.

டெல்நெட்டைத் திறப்பது கெர்னல் அன்று. மேலே ஓடும் ஒரு நிரல். அதனை நிறுத்துவதும் நல்ல கடவுச்சொல் வைப்பதும் முதல் வேலைகள். அன்று காலையே அவற்றைச் செய்தான். ஆனால் இன்ன முகவரியிலிருந்து வருவோரை மட்டும் விடுக, ஏனையோரைத் தடுக்க என்று காவல் விதி எழுதப் புகுந்தபோது, எழுத இடமே இல்லை. இடம் போதாது என்று 'நெட்ஃபில்டர்' என்னும் வடிகட்டிப் பகுதியையும் நாங்கள் கழித்திருந்தோம். மதகுக்கு இடம் விடாமல் கரையைக் கட்டிவிட்டுப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நீராணிக்காரனின் நிலை அவனுக்கு. கெர்னலை மீண்டும் சமைக்க வேண்டியதாயிற்று.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய இணைய முகவரி முறையாகிய ஐ.பி. நான்காம் பதிப்பில் 429 கோடிக்குச் சற்று மேற்பட்ட முகவரிகளே உள. அவை போதாமையால் வந்தது ஆறாம் பதிப்பு; நம் நாட்டுக் கைப்பேசி வலைகளில் அது பரவலாக வழங்குகிறது. ஐ.பி. டேபிள்ஸ் என்னும் வழக்கமான கருவியில் இரண்டுக்கும் காவல் விதிகள் தனித்தனி. அவன் நான்காம் பதிப்புக்கு மட்டும் விதி எழுதினான். ஆறாம் பதிப்பும் கெர்னலில் விண்மீனுடன் இருந்தது. முன்வாயிலில் காவலன், கொல்லைக் கதவு தாழில்லாமல்! ஆறாம் பதிப்பை நீக்கிவிடலாம் என்றான். நான் உடன்படவில்லை. இன்று மிச்சமாகும் இடத்துக்காக நாளைய முகவரி முறையை அடைப்பது வேண்டாம். இரண்டு வாயிலுக்கும் விதி எழுது என்றேன். சிறிது வாதத்துக்குப் பின் எழுதினான். இடத்துக்காகப் புளூடூத்தும் கேனும் வெளியேறின.

இத்தேர்வுகள் யாவும் 'டாட் கான்ஃபிக்' என்னும் ஒரே கோப்பில் பதிவாகின்றன. அதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. வேண்டும் என்ற பகுதிக்கு நேரே 'ஒய்' என்றும், மாட்யூலுக்கு நேரே 'எம்' என்றும் இருக்கிறது. வேண்டாம் என்று தேர்ந்த பகுதியின் பெயரும் விடுபடுவதில்லை. அமைக்கப்படவில்லை என்ற பொருள்படும் குறிப்புடன் அதன் பெயரும் நிற்கிறது. வராத மாணவனின் பெயரையும் எழுதி அவன் வரவில்லை என்று குறிக்கும் வருகைப் பதிவேடு எனக்கு நினைவுக்கு வந்தது. அக்கோப்பை அச்சிட்டு, ஒவ்வொரு வரியின் அருகிலும் ஏன் வைத்தோம், ஏன் நீக்கினோம் என்று எழுதுமாறு அவனைப் பணித்தேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். சென்ற மாதம் இரண்டாவது ஆலைக்குக் கருவி செய்தபோது, அக்குறிப்பேட்டைத்தான் முதலில் எடுத்தான்.

உங்கள் கல்லூரிக் கணிப்பொறியில் லினக்ஸ் இருக்குமாயின், 'பூட்' என்னும் கோப்புறையில் 'கான்ஃபிக்' என்று தொடங்கும் கோப்பொன்று பெரும்பாலும் இருக்கும். அதைத் திறந்து, வலைப்பின்னல் பகுதியில் இன்று நான் கூறிய பெயர்கள் இருக்கின்றனவா, அவற்றின் நேரே இருப்பது 'ஒய்' எழுத்தா 'எம்' எழுத்தா என்று தேடிப் பாருங்கள். படிப்பதால் அதற்கு ஊறு ஒன்றும் நேராது.