மீன் குஞ்சுக்கு நீச்சல் மட்டும் போதுமா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக் கொடுக்கணுமா?" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். கப்பி மீனின் குஞ்சு, தாய் வயிற்றிலிருந்து விழுந்த சிறிது நேரத்திலேயே நீந்தத் தொடங்கிவிடும். ஆனால் நீந்தத் தெரிந்த அந்தக் குஞ்சுகளில் எத்தனை மறுநாள் காலையில் உயிரோடு இருக்கின்றன? இதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மீன் பிடிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்பனைக்குள் ஓடும் வாய்க்கால், லயத்துக்குப் பின்னால் இருக்கும் லோங்காங், வயல் பக்கத்துப் பாசனக் கால்வாய் என்று எங்கும் தண்ணீர்தான். பழைய வலையோ அம்மாவின் தேயிலை வடிகட்டியோ கையில் கிடைத்தால் போதும், மாலைக்குள் மைலோ டின் நிறைந்துவிடும். ஆனால் இரண்டு நாள் கழித்து வகுப்பில் ஒரு முகம் வாடிப் போயிருக்கும். "டீச்சர், குட்டி போட்டுச்சு. எல்லாத்தையும் அதுவே தின்னுடுச்சு. கெட்ட மீன் டீச்சர்!" இந்தப் புகாரை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன்.

பிள்ளைகளே, அது கெட்ட மீன் அல்ல. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் அதன் கதை. கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் டிரினிடாட் தீவும் ஆகும். ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் டிரினிடாட்டிலிருந்து அனுப்பிய மீன்களை ஆராய்ந்த ஆல்பர்ட் குந்தர் என்னும் அறிஞர், 1866-இல் அவர் பெயரையே மீனுக்கு வைத்தார். அதற்கு முன்பே, 1859-இல், வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் வெனிசுவேலாவில் கிடைத்த அதே மீனுக்கு வேறு பெயர் சூட்டியிருந்தார். ஆகவே அறிவியல் நூல்களில் பீட்டர்ஸ் தந்த பெயர் நின்றது. மக்கள் வாயில் கப்பி நின்றது.

கொசுப் புழுவைத் தின்னும் என்பதற்காகவே இந்த மீனை வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் கொண்டு சென்றார்கள். கொசு நம் தோட்டங்களை எவ்வளவு வாட்டியது என்பதைத் தாத்தா பாட்டிமார் அறிவார்கள். 1901-இல் கிள்ளானில் மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடிகால் வெட்டி வடித்தே மலேரியாவை அடக்க முடியும் என்று செய்து காட்டினார். இன்று மலேரியா பெரிதும் குறைந்து, டிங்கி நம்மைப் பயமுறுத்துகிறது. ஆகவே கொசுப் புழுவைத் தின்னும் மீனைப் பற்றி அறிவது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

கப்பி மட்டுமல்ல, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவையும் குட்டி போடும் மீன்களே. இவை எல்லாம் அயல்நாட்டிலிருந்து வந்தவை. நம் நாட்டிலேயே பிறந்த ஒன்றும் உண்டு. மலாய்க்காரர்கள் ஜூலோங்-ஜூலோங் என்பார்கள். கீழ்த்தாடை மட்டும் ஊசிபோல் நீண்டிருக்கும். நீர்மட்டத்தில் நின்றுகொண்டு, மேலே விழும் எறும்பையும் கொசுவையும் பிடிக்கும். ஓடைகளிலும் கழிமுகங்களிலும் வாழும் அந்தச் சிறு மீனும் குட்டிதான் போடுகிறது. அடுத்த முறை பார்த்தால் ஊசி மீன் என்று ஒதுக்காதீர்கள். நம் ஊர் மீன் என்று மதியுங்கள்.

இனி, சினை மீனை எப்படிக் கவனிப்பது என்று பார்ப்போம்.

பெண் கப்பியின் வயிற்றுக்கடியில், பின்துடுப்பை ஒட்டி ஒரு கரும்புள்ளி தெரியும். சினை முற்ற முற்ற அந்தப் புள்ளி பெரிதாகிக் கருக்கும். வயிறு உருண்டையாக இருந்தது போய்ச் சதுரமாகத் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். சில மீன்களில் குஞ்சுகளின் கண்கள்கூட அந்தப் புள்ளிக்குள் தெரியும். நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஒரு முறை ஆணோடு சேர்ந்த பெண், ஆண் விந்தைத் தன் உடலில் பல மாதம் சேமித்து வைத்துக்கொள்ளும். "ஆண் மீனே இல்ல, எப்படி டீச்சர் குட்டி போட்டுச்சு?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கடையில் வாங்கும் வளர்ந்த பெண் மீன் அநேகமாகச் சினையாகவே இருக்கும்.

ஒரு தொட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் விடுங்கள். ஆண்கள் கூடினால் பெண்ணை ஓயாமல் விரட்டும். சினைத் தாய்க்கு உண்ணவும் நேரமிருக்காது, ஓய்வும் இருக்காது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் அது பெரும்பாலும் ஆவியாகிப் போகும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் முறிப்பானை, அதில் குறித்துள்ள அளவில் கலக்கலாம். வாளியை வாரக்கணக்கில் திறந்து வைக்காதீர்கள். ஏழு முதல் பத்து நாளில் அதில் ஏடிஸ் கொசு வளர்ந்து பறந்துவிடும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப் புழு வளரவிடுவது குற்றம். மீன் செத்த பிறகு மூலையில் தூக்கிப் போட்ட தொட்டிக்கும் இது பொருந்தும், பெற்றோர்களே!

தோட்டத்து வாய்க்கால் நீரை அப்படியே தொட்டியில் ஊற்ற வேண்டாம். களைக்கொல்லி அடித்த நிலத்தில் மழை பெய்தால் மருந்து வாய்க்காலுக்குத்தான் வரும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரும் மீனைக் கொல்லலாம். தகரக் கூரைக்கடியில் நண்பகலில் நீர் சூடாகிவிடும்; சூடான நீரில் உயிர்க்காற்றும் குறையும். ஆகவே தொட்டியைச் சன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இப்போது அந்தக் 'கெட்ட மீன்' வழக்குக்கு வருகிறேன்.

கப்பி ஒரே நேரத்தில் இருபது, முப்பது, சில வேளை அதற்கும் மேல் குஞ்சு போடும். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளந்தான். பெரிய மீனின் கண்ணுக்கு, ஆடி அசையும் அந்தச் சிறு உருவம் கொசுப் புழுவைப் போன்ற இரையே. 'இது என் பிள்ளை' என்று அறியும் அறிவு அதற்கு இல்லை. ஓடையில் இது பெரிய ஆபத்தாகத் தெரிவதில்லை. அங்கே புல் இருக்கிறது, பாசி இருக்கிறது, ஆழமில்லாத கரை இருக்கிறது. குஞ்சு பிறந்தவுடன் அதற்குள் புகுந்துகொள்ளும். மைலோ டின்னில் எங்கே புகும்? நாலு பக்கமும் வழவழப்பான தகரம், நடுவில் பசித்த தாய். குற்றம் தாயுடையதா, டின்னுடையதா?

எனவே முதல் வேலை, ஒளிய இடம் செய்வது. ஜாவா பாசியை ஒரு கைப்பிடி போடலாம். வேர் தொங்கும் மிதக்கும் தாமரையும் நல்லது. ஒன்றும் கிடைக்காவிட்டால் பச்சை நைலான் கயிற்றை நன்றாகக் கழுவி, இழை இழையாகப் பிரித்து மிதக்க விடுங்கள். காசே செலவில்லை. கடையில் விற்கும் பிரசவப் பெட்டியில் தாயை அடைத்து வைப்பவர்களும் உண்டு. இடுக்கான பெட்டியில் பல நாள் கிடந்தால் அது மிரண்டு போகும். குட்டி போடுவதும் கெடலாம். செடி அடர்ந்த தனித் தொட்டியே மேல். நாள் நெருங்கியபின் வலைபோட்டுத் துரத்தாமல், ஒரு வாரம் முன்பே அமைதியாக மாற்றிவிடுங்கள்.

குட்டி போட்டு முடிக்கச் சில மணி நேரம் ஆகும். முடிந்ததும் தாயைப் பிரித்து எடுங்கள். உடனே ஆண்களோடு விடாமல், இரண்டு மூன்று நாள் நல்ல தீனி கொடுத்து ஓய்வாக வையுங்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு நம் வீட்டில் பத்தியம் பார்க்கிறோமே, அதுபோலத்தான்.

இனி குஞ்சுகள். அவற்றின் வயிறு மிகச் சிறியது. ஆகவே கொஞ்சங் கொஞ்சமாக ஒரு நாளில் மூன்று நான்கு முறை தீனி கொடுக்க வேண்டும். மீன் தீனியை விரலால் மாவாக நுணுக்கிப் போடலாம். அவித்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் கட்டி நீரில் கசக்கினால் பால்போல் வரும். அதில் இரண்டு சொட்டுப் போதும். கூடினால் தண்ணீர் நாறிவிடும். மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் சேர்ந்தால் நீரில் அம்மோனியா உண்டாகும். அதுதான் கண்ணுக்குத் தெரியாத எமன். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கால் பங்கு நீரை, காற்றுக் குழாய் கொண்டு அடியிலிருந்து மெதுவாக இறக்கி, வைத்திருந்து ஆறிய நீரை ஊற்றுங்கள். முழுவதையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. நீர் வடிகட்டும் கருவி இருந்தால் அதன் வாயில் கடற்பஞ்சு கட்டுங்கள்; இல்லையேல் குஞ்சுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூன்று நான்கு வாரத்தில் ஆண் குஞ்சுகளின் பின்துடுப்பு குச்சிபோல் ஒடுங்கத் தொடங்கும். அப்போதே ஆணையும் பெண்ணையும் பிரிப்பது நல்லது. இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் உங்கள் தொட்டியில் பேரப்பிள்ளைகள் நிறைந்துவிடும்! அப்படிப் பெருகியவற்றை நண்பர்களுக்குக் கொடுங்கள், மீன் கடைக்குக் கொடுங்கள். ஆனால் சுங்கை சிலாங்கூரிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். கம்போங் குவாந்தான் மின்மினிகளைக் காண உலகமே வரும் ஆறு அது. அங்கே ஜூலோங்-ஜூலோங் போன்ற நம் மண்ணின் மீன்கள் வாழ்கின்றன. இரைக்கும் இடத்துக்கும் வந்தேறி மீன் போட்டிக்கு வந்தால், பிறகு அதைத் திரும்ப அழைக்க முடியாது.

ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரே நாளில் ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளைக் கவனியுங்கள். இரண்டு வாரத்தில் சில பெரிதாக இருக்கும், சில துணுக்காகவே இருக்கும். பெரியவை பாய்ந்து பாய்ந்து தின்னும். சிறியவை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். பலர் அந்தச் சிறியவற்றைச் சோதா என்று கைவிடுவார்கள். அனுபவமுள்ளவர்கள் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றித் தனியாகத் தீனி கொடுப்பார்கள். அவற்றில் பல, பிறகு மளமளவென்று வளர்வதைக் காணலாம். நோஞ்சானாகப் பிறந்தவை சில உண்டுதான். ஆனால் பலவற்றுக்குக் குறை உடம்பில் இல்லை. இரை எட்டவில்லை, அவ்வளவுதான்.

பெற்றோர்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கிய பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். பரிசு வாங்காத பிள்ளைகளும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் "உனக்கெல்லாம் எங்க வரப்போவுது?" என்று அவர்களைக் கேட்டுவிடாதீர்கள். படிக்க ஒரு மூலை இருக்கிறதா, தொலைக்காட்சிச் சத்தமில்லாத ஒரு மணி நேரம் கிடைக்கிறதா, காலையில் வயிறு நிறைந்து வருகிறார்களா என்று முதலில் பார்ப்போம். வகுப்பில் முன் வரிசையே பதில் சொல்லிக்கொண்டிருக்க, பின் வரிசைக்குக் கேள்வி போய்ச் சேர்கிறதா என்று ஆசிரியர்களாகிய நாங்களும் பார்க்கிறோம். பிள்ளையைக் குறை சொல்வது எளிது; தொட்டியைச் சரிசெய்வதுதான் பெரியவர்கள் வேலை.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை மீன் பிடிக்கப் போகுமுன் வீட்டில் பாசியும் ஆறிய நீரும் தயாராக இருக்கட்டும். அதன் பிறகு வலையை எடுங்கள்.