கருந்துளைக்குக் குறித்த தேதி

போன எபிசோடுக்கு வந்த கேள்வியில் ஒன்று: “கருந்துளையிலிருந்து ஒளியே வெளியே வராதுன்னு சொல்றீங்க. அப்புறம் அது பிரகாசமாச்சு, மங்கிச்சுன்னு எப்படிச் சொல்றாங்க?” நியாயமான கேள்வி. இன்றைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் நேரடி பதில். கருந்துளை ஒளிராது. அதைச் சுற்றிச் சுழலும் வாயு ஒளிரும். பெரிய கேலக்ஸிகளின் நடுவில் மீப்பெரும் கருந்துளைகள் இருக்கின்றன. நம் பால்வெளியின் நடுவில் இருப்பது சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறை. அது இப்போது கிட்டத்தட்டப் பட்டினி. சில கேலக்ஸிகளில் நிறைய வாயு உள்ளே விழுகிறது. விழும் வாயு ஒரு தட்டு மாதிரி சுழன்று, உரசி, சூடேறி, கேலக்ஸியின் மொத்த நட்சத்திரங்களையும் மிஞ்சி ஒளிரும். சாப்பாடு ஏறி இறங்கினால் வெளிச்சமும் ஏறி இறங்கும்.

பிரச்சினை என்னன்னா, நம் தொலைநோக்கியில் இது ஒரு புள்ளி. தட்டும் தெரியாது, துளையும் தெரியாது. கையில் இருப்பது இரண்டே காலம் உள்ள ஒரு டேபிள்: நேரம், பிரகாசம். அதை வைத்துத்தான் முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

இது நம்ம ஊர்ப்பக்கம் நடந்த ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறது. சத்துவாச்சாரியிலிருந்து ஹைவேயில் ஆம்பூர், வாணியம்பாடி போய், ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் ஜவ்வாது மலையில் காவலூர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகம் அங்கேதான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்து போனது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நட்சத்திரம் சில நொடிகள் மங்கியது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த அமெரிக்க விமான ஆய்வகம், கிரகத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து ஐந்து மங்கல்களைப் பதிவு செய்தது. இரண்டு பக்கமும் வந்தால் அது துணைக்கோள் இல்லை, வளையம். யுரேனஸின் வளையங்கள் இப்படித்தான் தெரிய வந்தன.

கவனிங்க, காவலூரின் அளவீடு சரி. மங்கல் நிஜம். ஒரே ஒரு மங்கலுக்கு இரண்டு கதைகள் பொருந்தின, அவ்வளவுதான். எந்தக் கதை என்று முடிவு செய்தது கூடுதல் டேட்டா.

இப்போ கருந்துளைக்கு வருவோம். கடக ராசிப் பக்கம் ஓஜே 287 என்று ஒரு கேலக்ஸி. அதன் ஒளி நமக்கு வந்து சேர 350 கோடி ஆண்டுகள் ஆகிறது. அதிர்ஷ்டவசமாக, 1880-களின் கடைசியிலிருந்தே பழைய போட்டோ தகடுகளில் அது தற்செயலாகப் பதிவாகியிருக்கிறது. அதையெல்லாம் கோத்துப் பார்த்தால் சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை பெரிய வெடிப்பு, அதுவும் பெரும்பாலும் ஜோடியாக.

பின்லாந்தின் மௌரி வால்டோனென் குழு சொன்ன விளக்கம்: அங்கே இரண்டு கருந்துளைகள். பெரியது 1,800 கோடி சூரிய நிறை. சிறியது 15 கோடி. சிறியது 12 ஆண்டுக்கு ஒரு சுற்று வரும்போது பெரியதின் தட்டை இரண்டு முறை துளைத்துக்கொண்டு போகிறது. அப்போதுதான் வெடிப்பு. ஐன்ஸ்டைன் கணக்குப்படி அந்தச் சுற்றுப்பாதையே ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 39 டிகிரி திரும்புகிறது. புதன் கிரகத்துக்கு இது நூறு ஆண்டில் 43 விகலைதான்! அதனால் வெடிப்புகள் சீரான இடைவெளியில் வராது. ஆனால் கணக்குப் போடலாம்.

போட்டார்கள். 2007 செப்டம்பர் 13 என்றார்கள், வந்தது. ஈர்ப்பு அலைகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 20 நாள் தள்ளிப் போயிருக்கும். 2015 டிசம்பரிலும் வந்தது. அடுத்து, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆராய்ச்சி மாணவர் லங்கேஷ்வர் டே, கோபகுமார் ஆகியோர் இருந்த குழு 2019 ஜூலை 31 என்று குறித்தது, சில மணி நேரத் துல்லியத்தோடு. அந்தச் சமயம் பூமியிலிருந்து பார்த்தால் சூரியன் குறுக்கே. பூமியை விட்டு 25 கோடி கிலோமீட்டர் விலகியிருந்த ஸ்பிட்சர் தொலைநோக்கிக்கு மட்டும் தெரியும். அது பார்த்தது. வெடிப்பு அதே நாளில் வந்தது.

இதோடு நிறுத்தினால் சூப்பர் கதை. ஆனால் 2022 இருக்கிறது.

அந்த அக்டோபரில் எதிர்பார்த்த வெடிப்பு வரவில்லை. ஸ்டெஃபானி கொமோஸா தலைமையிலான குழு, பெரிய கருந்துளையின் நிறையே சுமார் 10 கோடிதான் இருக்கும் என்று 2023-இல் சொன்னது. 1,800 எங்கே, 10 எங்கே! 180 மடங்கு வித்தியாசம். வால்டோனென் தரப்பின் பதில்: வெடிப்பு ஜூலை வாக்கில் நடந்திருக்கும், அப்போது ஓஜே 287 சூரியன் பக்கம் இருந்ததால் யாராலும் பார்க்க முடியவில்லை. 2020 ஜனவரியிலேயே ஸ்பிட்சரை நிறுத்திவிட்டார்கள்.

சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வலி புரியும். சிஸ்டம் விழுந்த அந்த இரண்டு மணி நேர லாக் மட்டும் காணாமல் போயிருக்கும். அப்புறம் ஆளுக்கு ஒரு விளக்கம், எல்லாமே பொருந்தும்.

என் பார்வை: 2022-ஐ வைத்து அந்த மாதிரியைக் கேலி செய்ய வேண்டாம். தேதி சொல்லும் கோட்பாடு தோற்கவும் துணிந்த கோட்பாடு. அதே நேரம், 2019 அழகாக இருந்ததாலேயே 1,800 கோடியை உண்மை என்று மனப்பாடம் செய்யவும் வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015-இல் போன நம் ஆஸ்ட்ரோசாட் 2017, 2018, 2020 ஆண்டுகளில் ஓஜே 287-ஐப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் டேபிளில் சில வரிகள் சேர்கின்றன. 1977-இல் வளையமா துணைக்கோளா என்ற கேள்விக்கு இன்னொரு இடத்திலிருந்து வந்த சில வரிகள்தான் பதில் சொன்னன. இங்கேயும் அப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த எபிசோடில் ஈர்ப்பு அலைகள். கேள்விகளை அனுப்புங்க.