டாக்டர் பிள்ளைகள் ஏன் மலையேற வேண்டும்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் லிஃப்ட்டில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "சார், பொண்ணு எம்.பி.பி.எஸ். ரெண்டாம் வருஷம். கிராமத்துக்குப் போகணும்னு அடிக்கடி பஸ்ஸுல ஏத்திடறாங்க. வீடு வீடா போய் கணக்கெடுக்கவா இவ்வளவு கஷ்டப்பட்டு நீட் எழுதினா? லெட்டர் குடுத்தா விட்டுடுவாங்களா?" நான் சமூக மருத்துவம் கற்பித்தவன் என்பது அவருக்குத் தெரியும். பதில் சொல்வதற்குள் நான்காவது மாடி வந்துவிட்டது. செயலாளர் இன்று பேசச் சொன்னதும் அந்தப் பதிலையே சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன். மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நம் குடியிருப்பில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

உங்களில் சிலர் பாச்சலூருக்குப் போயிருப்பீர்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பரப்பலாறு அணை வழியாக ஏறினால் வரும் கீழ்ப்பழனி மலை ஊர். கொடைக்கானல் கூட்டம் அங்கே இல்லை. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, மலைவாழை, நடுநடுவே பளியர் குடியிருப்புகள். பல வருடங்களுக்கு முன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தேன்.

ஒரு மாணவிக்குக் கொடுத்திருந்த வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர். ரத்தசோகை. நர்ஸம்மா மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பது அட்டையில் இருக்கிறது. ஹீமோகுளோபின் மட்டும் ஏறவில்லை. மாணவி நோட்டில் எழுதிவிட்டாள்: "மாத்திரையைச் சாப்பிடுவதில்லை." "அவங்களே சொன்னாங்களா?" என்று கேட்டேன். இல்லை, இவளே முடிவுகட்டிவிட்டாள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் திரும்பப் போகச் சொன்னேன். அடுப்படியில் மாமியார் மருமகளுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்து, கூடவே ஒரு டம்ளர் கடுங்காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தார். "வெறுந் தண்ணியில முழுங்குனா கொமட்டுதுங்குறா கண்ணு. காப்பின்னா எறங்கிருது" என்றாராம். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அந்தக் காப்பியில் இருக்கும் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர்வது குறைந்துபோகும். டீயும் அப்படித்தான். இந்த விஷயம் மாணவி படித்த பாடத்திலும் இருந்தது. காப்பி விளையும் ஊரில் அடுப்படிக்குள் போய் நின்றபோதுதான் அது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் மாணவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, மற்ற வீடுகளிலும் கேட்கக் கேள்வி தயாரித்தார்கள். "மாத்திரையை முறையாக உட்கொள்கிறீர்களா?" என்பது முதல் கேள்வி. போன வீட்டிலெல்லாம் "ஆமா" என்றே பதில். வேறென்ன சொல்வார்கள்? நம்மிடம் டாக்டர் கேட்டாலும் தினமும் நடக்கிறேன் என்றுதானே சொல்கிறோம்! கேள்வியை மாற்றி எழுதினார்கள்: "காலையில எந்திரிச்சதுலருந்து என்னென்ன சாப்பிட்டீங்க, மாத்திரை எப்போ, எதோட?" அதற்குப் பிறகுதான் காப்பி ஒவ்வொரு வீடாக வெளியே வந்தது. ஆராய்ச்சி என்றால் மைக்ராஸ்கோப்பும் வெள்ளைக் கோட்டும் என்று நினைக்கிறோம். ஒரு கேள்வியை எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்று அந்தப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதும் ஆராய்ச்சிதான்.

காப்பிதான் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. செருப்பில்லாமல் தோட்டத்தில் நடப்பதால் வரும் கொக்கிப்புழு இருக்கிறது, தட்டில் என்ன விழுகிறது என்பது இருக்கிறது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். மலையில் மட்டும் இல்லை, நம் பிளாக்குகளிலும்தான்.

இது புதிதாகக் கிளம்பிய யோசனையும் இல்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் நூறு வருடங்களுக்கு முன்பே சாலையோர மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். 1918இல் அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. கல்லூரி, அங்கே முதல் வருட மாணவர்கள் கிராமத்திலேயே தங்கிப் படிக்கும் வழக்கம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் போலேலா என்ற ஏழை ஊரில் 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி வீடு வீடாகக் கணக்கெடுத்து அதன்படி வைத்தியத்தைத் திட்டமிட்டார்கள். உலகமே அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. நம் நாட்டிலும் 1946 போர் கமிட்டி தொடங்கி அறிக்கைகளுக்குக் குறைவில்லை. 1977இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது.

இப்போது தேசிய மருத்துவ ஆணையம் 2021–22 முதல் குடும்பத் தத்தெடுப்பு என்று ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு மாணவருக்கு ஐந்து குடும்பங்கள் வரை. முதல் மூன்று கட்டப் படிப்பிலும் சேர்த்து 78 மணி நேரம். அந்த வருடம் தொடங்கிய திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் முதல் செட் பிள்ளைகளே இதற்கும் முதல் செட். பேர் எனக்குப் பிடிக்கவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை, பேரன் பேத்தி எடுத்த பாட்டியைத் தத்தெடுப்பதாவது! காப்பி விஷயத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தது யார் என்று பார்த்தீர்கள்.

லிஃப்ட்டில் கேட்ட அம்மாவின் எரிச்சலிலும் நியாயம் உண்டு. பஸ்ஸில் இறக்கி, பேனர் பிடித்து போட்டோ எடுத்து, அரை மணியில் படிவத்தை நிரப்பித் திரும்புகிற பயணங்களை நானும் பார்த்திருக்கிறேன். அது பிள்ளைக்கும் வீண், ஊருக்கும் தொந்தரவு. எத்தனை தடவைதான் ஒரு குடும்பம் தன் வருமானத்தையும் கழிப்பறையையும் பற்றி முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லும்? எங்கள் குழுவிடமே அந்த மாமியார் கேட்டார்: "எழுதிட்டுப் போறீங்களே, போன வருசமும் எழுதுனாங்க. அது என்னாச்சு?" பதில் இல்லை. அதனால் அந்த முறை முடிவை அங்கேயே, ஊர் மந்தையில் உட்கார்ந்து சொன்னோம். காப்பிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நல்லது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார் அவர்.

ஆகவே பெற்றோர்களே, லீவு லெட்டர் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாகக் கல்லூரியில் போய்க் கேளுங்கள்: அதே குடும்பத்துக்கு மூன்று வருடமும் அனுப்புகிறீர்களா, கூட ஆசிரியர் போகிறாரா, முடிவை அந்த ஊருக்குச் சொல்கிறீர்களா என்று. ஆர்வமுள்ள பிள்ளை என்றால் ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்தும் குறுகியகால ஆய்வு உதவித்தொகையைப் பற்றியும் சொல்லுங்கள். இரண்டு மாத வேலை. வழிகாட்ட ஒரு ஆசிரியர் வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. ஜனவரியில் பயிற்சி டாக்டர்கள் நான்கு பேர் சர்க்கரை, ரத்த அழுத்தக் கணக்கெடுப்புக்கு நம் கேட்டுக்கு வந்தார்கள். கல்லூரிக் கடிதம் கையில் இருந்தது. "சேல்ஸ் ஆளுங்களுக்கு அனுமதி இல்லை" என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் போட்ட விதி அது. மலையில் பாட்டி அடுப்படிவரை விடுகிறார். நாம் கேட்டையே திறக்கவில்லை. நகரத்துச் சர்க்கரை நோயை அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே போய்ப் படிப்பார்கள்?

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். காலை பத்து முதல் ஒன்று வரை. அடையாள அட்டையைச் செயலாளர் சரிபார்ப்பார். விருப்பமில்லாதவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். வீட்டுவேலைக்கு வரும் அம்மாக்களையும் செக்யூரிட்டி அண்ணன்களையும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முடிவை அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் இதே ஹாலில் வந்து அந்தப் பிள்ளைகளே சொல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை. ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.