ஈற்றடியும் நாளொரு வெண்பாவும்



பிறர் கொடுத்த ஈற்றடிக்கு உடனே வெண்பாப் பாடியவர் காளமேகப் புலவர் என்பர். நாலடி வெண்பாவுக்குச் சீர் 15. ஈற்றடியின் 3 சீரைப் பிறர் தந்துவிட்டால் நாம் தேடவேண்டியவை 12 சீர்களே. நயினாதீவு நாகமணிப் புலவர் வாழ்ந்த இத் தீவகத்தில் இஃது இயலாததன்று.

1990க்குப் பின் ஊரை விட்டுப் போனோர் பலர். அவர்களோடு ஊர்ச் சொற்களும் போகின்றன. கொண்டல், சோளகம், வாடை என்று காற்றைப் பெயரிட்டறியும் முதியோர் இன்னும் நம்மிடையே உளர். ஆதலின் வேண்டுகின்றோம்: நாள்தோறும் மூத்தவர் ஒருவர், ‘வாடை வருமுன் வலை’ என்பதுபோல் ஓர் ஈற்றடி கொடுக்கட்டும், இளைஞர் அன்றிரவே பாட்டை முடிக்கட்டும். தளை தட்டினால் பெரியோர் திருத்துவர். சொல் மறைந்தால் மீட்பது அரிது. இன்றே தொடங்குவோம்.