பழைய வண்டியின் அலுமினியப் பட்டைகள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு சங்கத்தார் எங்களை அழைத்து, "உங்கள் பழைய ஃபியட் வண்டியைப் பற்றிப் பேசுங்கள்" என்றபோது சற்றுத் தயங்கினோம். ஆயினும் காலனியில் யாரேனும் ஒருவர் வண்டியருகே நின்று, "இடப்பக்கத்துப் பட்டை மட்டும் ஏன் வேறு நிறமாயிருக்கிறது?" என்று கேட்காத வாரமில்லை. தனித்தனியே விடை கூறுவதினும் அனைவருக்கும் ஒருமுறை கூறிவிடுதல் எளிதன்றோ?

வண்டி 1968-ஆம் ஆண்டினது. குர்லா ஆலையில் செய்யப்பெற்ற ஃபியட் 1100. எம் தந்தையார் 1976-இல் அதனைப் பிறரிடமிருந்து வாங்கினார். ஞாயிறுதோறும் சோப்பு நீரும் மெல்லிய பருத்தித் துணியும் கொண்டு அவரே கழுவுவார். கதவுகளின் குறுக்கே ஓடும் அலுமினியப் பட்டைகளை அவர் ஒருநாளும் தேய்த்ததில்லை, துடைப்பார், அவ்வளவே. அதனை அவருடைய சிக்கனம் என்றே நாங்கள் கருதியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்குமுன் அவர் இரண்டு மாதம் ஊருக்குச் சென்றிருந்தார். அவர் திரும்புவதற்குள் வண்டியைப் புதுமணப்பெண் போல் ஆக்கிவிட வேண்டுமென்று நாங்கள் துணிந்தோம். சமையலறைக் கம்பிநாரும், பித்தளை விளக்கு துலக்கும் பசையும் கைக்கு வந்தன. இடப்பக்கத்தில் தொடங்கினோம். முதலில் பட்டை அசையவில்லை. பின்னர்த் துணி கரியாகக் கறுத்தது. அழுக்கு நீங்குகிறதென்று மகிழ்ந்தோம். மாலைக்குள் பட்டை கண்ணாடி போல் ஒளிர்ந்தது. வலப்பக்கத்தை மறுநாள் செய்வோமென்று விட்டோம். கை வலியால் அந்த மறுநாள் வரவேயில்லை. அந்தச் சோம்பல்தான் பாதி வண்டியைக் காத்தது.

தந்தையார் வந்தார். பட்டையின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, "கம்பிநாரா?" என்று மட்டும் கேட்டார். மழைக்காலம் வந்து போயிற்று. கடற்காற்று வீசும் இவ்வூரில் ஒரே பருவத்தில் அப்பட்டை முழுதும் வெண்பொடி பூத்து, ஊசி முனையளவு குழிகள் விழுந்தன. வலப்பக்கம் மங்கலாயிருந்தது, ஆனால் ஒரு புள்ளியும் இல்லை.

இதன் காரணம் யாதெனின், நாங்கள் தேய்த்து நீக்கியது அழுக்கன்று, பட்டையின் தோலை. அலுமினியம் காற்றுப்பட்ட கணமே தன்மேல் ஓர் ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். இயற்கையான அப்படலம் மிக மெல்லியது. ஆகவே கார் செய்வோர் பட்டையை மெருகேற்றிய பின், நீர்த்த கந்தக அமிலத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி அப்படலத்தைத் தடிக்கச் செய்வர். பின்னர்க் கொதிநீரில் இட்டு அதன் நுண்துளைகளை அடைப்பர். இதற்கு ஆனோடைசிங் என்று பெயர். இம்முறை முதன்முதலில் 1923-இல் இங்கிலாந்தில் கையாளப்பட்டபோது வேறோர் அமிலமே பயன்பட்டது. கடல் விமானங்களின் பாகங்களை உப்பு நீரினின்று காப்பதே நோக்கம். பம்பாய்க் காற்றுக்கும் அதுவே கவசம். கார்ப் பட்டைகளில் அதன் தடிப்பு ஏறக்குறைய 5 முதல் 10 மைக்ரான்; தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு எனலாம். அதனை ஒரே பிற்பகலில் கம்பிநாரால் சுரண்டிவிட்டோம். போதாக்குறைக்கு, நாரின் இரும்புத் துகள்கள் உலோகத்திற் பதிந்து, உப்பீரம் பட்டதும் அலுமினியத்தை மேலும் அரித்தன.

வருந்தத்தக்கது என்னவென்றால், இந்தப் பாடத்தில் பாதி எங்கள் அடுக்களையிலேயே இருந்தது. அலுமினியப் பாத்திரத்தைச் சலவைச் சோடாவில் போடாதே, கறுத்துவிடும் என்று எம் தாயார் சொல்லாத நாளில்லை. காரம் அந்த ஆக்ஸைடு தோலைக் கரைக்கும். அதனாற்றான் வண்டி கழுவும் கடைகளில் அடிக்கும் கடுங்காரச் சோப்பும் ஆகாது. கூரையில் கசிந்து சொட்டும் சிமெண்ட் நீரும் காரமே. நம் காலனியில் தூண்களுக்கிடையே நிறுத்தும் வண்டிகளில் அழியாத வெண்கோடுகள் விழுவது அதனால்தான். கட்டடக் குழுவினர் செவிசாய்ப்பார்களாக! இனி, புளி போட்டால் பாத்திரம் வெளுக்குமே, பட்டைக்கும் போடலாமா என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். கூடாது. ஆனோடைசிங் படலம் அமிலக் கார அளவையில் 4-க்கும் 8-க்கும் இடையிலேதான் நிலைத்து நிற்கும். புளியும் எலுமிச்சையும் 4-க்குக் கீழே நிற்பவை.

ஆகவே தேய்க்குமுன் பட்டை இன்னதென்று அறிதல் வேண்டும். காந்தம் நன்றாக ஒட்டினால் அது அலுமினியமன்று. குரோமியம் பூசிய எஃகாயிருக்கலாம். ஒட்டாவிட்டால், கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால் அலுமினியத்தின் எடையின்மை உடனே புலப்படும். அடுத்து, மின்பணியாளர் வைத்திருக்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பட்டையின்மேல் அழுத்தாமல் வைத்துப் பாருங்கள். ஆக்ஸைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. கருவி ஒலிக்காவிட்டால் தோல் இருக்கிறது என்று பொருள். ஒலித்தால் வெற்று உலோகம். கருவி இல்லாதார் மறைவான மூலையில் மெருகுப் பசையை மெல்லத் தேய்க்கலாம். துணி கறுத்தால் அங்கே தோல் இல்லை. உடனே நிறுத்திவிட வேண்டும்.

தோல் நன்றாயிருப்பின் செய்யத்தக்கது மிகக் குறைவு. நிழலில், உலோகம் குளிர்ந்திருக்கும்போது, மென்மையான சோப்பு நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெழுகு பூசினாற் போதும். பட்டையைப் பிடித்திருக்கும் எஃகுக் கிளிப்புகளின் அடியில் சிறிது வாசலின் தடவுதல் நன்று. அரிப்பு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

தோல் போய்விட்டதாயின் எங்கள் கதைதான். கடையில் புதுப்பட்டை வாங்க இயலவில்லை. இந்த ஃபியட்டின் வழிவந்த பத்மினி வண்டியின் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று; டாக்சிகளாய் ஓடியவையும் 2023 அக்டோபரோடு மும்பைச் சாலைகளை விட்டு நீங்கின. கிடைத்த ஒரே வழி, பழைய பட்டையை ஆனோடைசிங் பட்டறையில் கொடுத்து, எஞ்சிய படலத்தைக் காஸ்டிக் சோடாவில் அறவே நீக்கச் செய்வது. அதனை வீட்டில் முயலாதீர்கள். அலுமினியமும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு பொங்கும். தெறித்தால் கண் போகும். சற்று நேரம் மிகுந்தாலும் மெல்லிய பட்டை கரைந்துவிடும்.

தோல் நீங்கிய பட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, நீரில் நனைத்த உப்புத்தாளால் 400, 600, 1000, 1500, 2000 என்று படிப்படியாகத் தேய்த்தோம். ஒவ்வொரு படியிலும் முந்திய தாளின் கீறல் முழுதும் மறைந்தாலன்றி அடுத்ததைத் தொடலாகாது. இதிற் பொறுமை இழந்தால், இறுதி மெருகில் அத்தனை கீறலும் எழுந்து நின்று சிரிக்கும். ஆழ்ந்த குழிகளை விட்டுவிட்டோம். அவற்றை எடுக்க முயன்றால் பட்டையில் ஓட்டை விழும். துணிச்சக்கரத்தில் மெருகேற்றும் வேலையைத் தேர்ந்தவரிடமே ஒப்படைத்தோம். சுழலும் சக்கரம் நீண்ட பட்டையின் முனையைக் கவ்வினால் வளைத்தெறிந்துவிடும், கையையும் கிழிக்கும். பின்னர் மீண்டும் பட்டறை, மீண்டும் அமிலத் தொட்டி, மீண்டும் கொதிநீர்.

பட்டை திரும்பி வந்தது. ஒளி நன்று, குழிகளின் சுவடு உண்டு, நிறம் மட்டும் வலப்பக்கத்தோடு ஒக்கவில்லை. வலப்பக்கத்தையும் அவ்வாறே செய்து ஒப்பாக்கிவிடலாமே என்று பட்டறைக்காரர் கூறினார். தந்தையார் இசையவில்லை. ஐம்பது ஆண்டு நின்ற தோலை நிறப் பொருத்தத்துக்காக உரிப்பதா என்றார்.

வண்டி இன்று அரங்கின் வாயிலிலேயே நிற்கிறது. தந்தையாரும் அதனருகில் நாற்காலி இட்டு அமர்ந்திருக்கிறார். விழா முடிந்ததும் எல்லாரும் வந்து பாருங்கள்; குழந்தைகள் தொட்டும் பார்க்கலாம். துணி மட்டும் யாரும் எடுத்து வரவேண்டாம்.