பிள்ளைகளுக்காகச் சேர்க்கும் முன்
(பீடி சுற்றும் பெண்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"வயிற்றுக்கே போதவில்லை, இதில் சேமிப்பு எங்கே?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. கூலி உயர்ந்தாலன்றிக் குடும்பம் நிமிராது என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் வரும் கூலியும் எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டும். இலை குறைந்தால், தூள் குறைந்தால் ஒப்பந்தக்காரரிடம் கணக்குக் கேட்கத் தெரிந்தவர்கள் நாம். தண்டல்காரனிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை?

ஜூன் மாதம் பிறந்தால் கல்லூரிக் கட்டணம் வாசலில் நிற்கிறது. 10,000 ரூபாய் தண்டல் வாங்குகிறோம். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருகிறான். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டுகிறோம். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். அப்படியல்ல. முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிப் போகிறதே! நூறு நாளும் சராசரியாக நம் கையில் இருந்தது சுமார் 4,300 ரூபாய்தான். அதற்கு நூறே நாளில் 1,500 வட்டி. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 125க்கு மேல்! 'மூணு வட்டி' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுவும் ஆண்டுக்கு 36.

தபால் நிலையத்தில் பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015-ல் தொடங்கியது. 2024 ஜனவரியில் அதற்கு வட்டி 8.2 சதம். நல்ல வட்டிதான். ஆனால் இந்தக் கையால் எட்டுக்குச் சேர்த்துவிட்டு, அந்தக் கையால் நூற்றிருபத்தைந்துக்குக் கடன் வாங்கினால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? ஆகவே முதலில் தண்டலை அடையுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு தண்டல் வாங்காதீர்கள். அவசரமென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன் கேளுங்கள். தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றைத் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லேயே பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. மிரட்டுகிறவனுக்கு இதைச் சொல்லுங்கள். தனியாக அல்ல, நாலு பேராய்ப் போய்ச் சொல்லுங்கள்.

தண்டல் தீர்ந்த மறுநாளும் அந்த 100 ரூபாயை எடுத்து வையுங்கள். அதில் ஒரு பங்கு கைச் செலவுக்கென்று வீட்டில் இருக்கட்டும். நோய் நொடி வந்தால் திரும்பவும் தண்டல்காரனிடம் ஓடாமலிருக்க இதுவே வழி. மறு பங்கு பிள்ளை பேரில் போகட்டும். பெண்ணுக்குப் பத்து வயது ஆகுமுன் செல்வமகள் கணக்கைத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடிருக்கும். பதினைந்து ஆண்டு கட்ட வேண்டும். பதினெட்டு வயதிலோ பத்தாம் வகுப்பு தேறிய பிறகோ மேல்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். மாதம் 250 கட்டினால் அசல் மட்டுமே 45,000. பையன்களுக்குத் தபால் நிலைய தொடர் வைப்பு இருக்கிறது. தீபாவளிச் சீட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டுப் போன கதை தெருவுக்கொன்று உண்டு.

இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி! 1977-ல் அது பீடித் தொழிலுக்கு விரிந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்கள் தொழிலாளரே அல்ல என்று முதலாளிகள் வழக்காடினார்கள். 1985-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நம் கூலியில் நூற்றுக்குப் பத்து போனால், முதலாளியும் பத்து கட்ட வேண்டும். எந்தத் தபால் நிலையமும் ரூபாய்க்கு ரூபாய் சேர்த்துத் தராது!

அந்தப் பணம் நம் பேரில் இருக்கிறதா? பல வீடுகளில் அம்மா பாஸ் புத்தகத்தில் மகள் சுற்றுகிறாள். மகளுடைய உழைப்புக்கு ஏட்டில் பேரே இல்லை. புத்தகத்தில் 'முத்துலட்சுமி', ஆதாரில் 'முத்துலக்ஷ்மி'. பிறந்த தேதி வேறு. அலுவலகத்தில் மனுவைத் திருப்பிவிடுகிறார்கள். மகளின் கட்டணத்துக்குப் பணம் வேண்டிய நாளில் இந்த ஓரெழுத்து குறுக்கே நிற்கிறது. வாரிசு நியமனம் செய்யாதவர்களின் குடும்பங்கள் பிற்பாடு அலைகிற அலைச்சலைச் சொல்லி முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்குப் பாஸ் புத்தகம், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்து வாருங்கள். பேரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிழையுள்ளவர்களின் பட்டியலோடு எல்லோருமாகச் சேர்ந்து ஒப்பந்தக்காரரிடம் போவோம். தனிப் புத்தகம் இல்லாத பெண்களும் கட்டாயம் வர வேண்டும். அவர்கள் பெயரைத் தனியே எழுதிக்கொள்வோம்.