நம் ஊர் வானொலியும் நம் ஊர் சங்கீதமும்

(பழங்காநத்தத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்திய பிரசங்கம்)



சிறு சக்தியுள்ள சமூக வானொலி நிலையம் ஒன்றை நாமே நடத்துவது சாத்தியமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். சாத்தியமே. ஆனால் அதற்கு வேண்டிய பொருளையும், அதில் ஒலிக்கவேண்டிய சங்கீதத்தையும் முன்னதாகவே ஆலோசித்துக்கொள்ளுதல் அவசியம்.

சென்னையில் 1924-ம் வருஷத்தில் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் ஒரு ரேடியோ சங்கத்தை ஸ்தாபித்தார். ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்புத் தொடங்கிற்று. முதற் கருவியின் சக்தி 40 வாட்டுதான். பின்னர் 200 வாட்டாயிற்று. சங்கீதமும் பிரசங்கங்களும் ஒலித்தன. ஆயினும் பணமுடையால் 1927-ல் அது நின்றுபோயிற்று. அக்கருவியைப் பெற்ற சென்னை நகரசபை 1930 ஏப்ரல் முதல், 1938-ல் அகில இந்திய ரேடியோ சென்னைக்கு வரும்வரை, ஒலிபரப்பை நடத்திற்று. ஆர்வம் இருந்தும் நிலையான வருமானம் இல்லையேல் ஸ்தாபனம் நில்லாது என்பதைக் கூட்டுறவாளர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

வான அலைகள் பொதுச்சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமூக வானொலி தொடங்கிற்று. 2006-ல் தொண்டு ஸ்தாபனங்களும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. 2016-ல் பாம்பனில் மீனவர்களுக்கென்று 'கடல் ஓசை' எழுந்தது. இத்தகைய நிலையத்தின் அலைவீச்சு 100 வாட்டு அளவே. சுமார் 10 கிலோமீட்டர் எட்டும். பழங்காநத்தத்தில் அமைந்தால் திருப்பரங்குன்றமும் மதுரை நகரின் பெரும்பாகமும் அதனுள் அடங்கும்.

நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரிலே தயாராகவேண்டும் என்று 2006-ம் வருஷத்து விதி கூறிற்று. இது பாரமன்று, நமக்கு அநுகூலமே. சினிமாப் பாட்டை ஒலிபரப்ப உரிமையாளரின் அனுமதியும் கட்டணமும் வேண்டும்; மேலும் அதைத் தருவதற்குப் பெரிய நிலையங்கள் பல உள. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, நையாண்டி மேளம், கோயில் நாகஸ்வரம் ஆகியவற்றை இப்பக்கத்தார் வாயாலும் கையாலும் கேட்பதற்கு வேறிடம் ஏது? எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையார் 1916-ல் பிறந்த மதுரை இது. இங்கே சங்கீதத்துக்குப் பஞ்சமில்லை. அதைச் சேமிப்பாரே இல்லை.

ஒரு தடை உண்டு. லாப நோக்கமின்றி, பதிவாகி மூன்று வருஷமேனும் தொண்டு செய்த ஸ்தாபனமே அனுமதி கேட்கலாம். ஆகவே அங்கத்தினர்கள் தனியே ஒரு தொண்டுச் சங்கம் பதிவு செய்யவேண்டும். அல்லது முன்னரே பதிவான ஒன்றுடன் சேரவேண்டும். அனுமதிக்காக நாம் மூன்று வருஷம் காத்திருக்கலாம். நடவுப் பாட்டு அறிந்த முதிய தாய்மார் காத்திருப்பார்கள் என்பது நிச்சயமில்லை. நடவு இயந்திரம் வந்த வயலில் அப்பாட்டுக்கு இடமுமில்லை.

ஆகையால் இன்றே செய்யத்தக்கவை மூன்று. பாடுவோர், வாசிப்போர் பெயர்களை ஒரு புஸ்தகத்தில் பதியுங்கள். அவர்கள் சம்மதத்துடன் பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்து, பாடியவர், ஊர், தேதி குறித்து வையுங்கள். சிறு தொகையாயினும் சன்மானம் கொடுத்து, ரசீது பெற்றுக் கணக்கில் எழுதுங்கள். கலைஞனை இலவசமாக அழைப்பது தர்மமுமன்று, நீடிப்பதுமன்று.

நெல் விதையைப் பத்திரப்படுத்தி வைத்தே அடுத்த பருவத்தை எதிர்நோக்குகிறோம். பாட்டு விஷயத்திலும் அவ்வாறே செய்வோமாக. கருவி எப்பொழுது வந்தாலும், ஒலிப்பதற்கு நம்மிடம் சரக்கு இருக்கும்.